பைப்பில் போன முட்டை

முட்டை பச்சையாக இருக்கும் என்று காட்டேரிக்கு எப்படித் தெரியும்? வெளியிலிருந்து பார்த்தால் அவித்ததும் அவிக்காததும் ஒரே முகம்தான். இந்த வாதத்தை அவர் மெக்கானிக்கிடம் வைத்தார், டாக்டரம்மாவிடம் வைத்தார், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடமும் வைத்தார். மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அவிச்சதோ அவிக்காததோ, முட்டையை எதுக்கு பைப்புல போட்டீங்க?"

காட்டேரி என்பது பட்டப்பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கும் லேப்பில் ஒன்பது வருஷமாக மற்றவர்கள் ரத்தத்தை வாங்கி வைக்கிறவருக்கு வேறு எப்படிப் பெயர் வரும்? அதிலும் விசேஷம், அது அவரே வைத்துக்கொண்ட பெயர். சேர்ந்த முதல் நாள் போன் அடித்தது. எடுத்து, "லேப், காட்டேரி பேசறேன்" என்றார். எதிர்முனையில் சிரித்தார்கள். அன்றிலிருந்து நிஜப்பெயர் அடையாள அட்டையில் மட்டும் குடியிருக்கிறது.

லேப்பில் வேறு ஆட்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் எல்லாம் உள்ளறையில், இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே. இவர் மட்டும் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு போன், ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மைக்ராஸ்கோப், அப்புறம் அந்த பைப்பு. ஏழு மாடியிலிருந்தும் சுவருக்குள்ளேயே ஓடி வரும் காற்றுக்குழாய் அது. மேலே வார்டில் ரத்தம் எடுத்து, கை நீள டப்பாவுக்குள் போட்டு, பைப்புக்குள் வைத்து, எண்ணை அழுத்தினால் போதும். காற்று உறிஞ்சிக்கொண்டு வந்து இவர் மேஜைப் பக்கம் 'தொப்' என்று தள்ளும். காலி டப்பாவை இவர் அதே வழியில் திருப்பி அனுப்புவார். அருமையான ஏற்பாடு. ஒரு மனிதனும் இன்னொரு மனிதன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஐந்தாம் மாடி, குழந்தைகள் வார்டிலிருந்து போன்.

"பெரியவரே, மூணாம் பெட்டு ரிசல்ட்டு வந்துச்சா?"

ஒன்பது வருஷமாகத் தினமும் கேட்கிற குரல். மணி அடித்த மாதிரி மெல்லிசான குரல். காட்டேரி அந்தக் குரலுக்கு 'பாப்பா' என்று பெயர் வைத்திருந்தார். இவருடைய புலம்பல்களைக் கேட்டு அந்தப் பக்கம் இவருக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருந்தது.

"வந்துட்டே இருக்கு பாப்பா. நீ சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிடறது? ரெண்டு பேரு லீவு. காலைல குடிச்ச டீயோட நிக்கிறேன். கை நடுங்குது. பிள்ளைங்க என்னைப் பார்த்துப் பயப்படறதா, ஊசியைப் பார்த்துப் பயப்படறதான்னு முழிக்குதுங்க."

காட்டேரிக்கு மனசு கேட்கவில்லை. பையில் இரண்டு முட்டை இருந்தது. காலையில் அவரே அவித்து, அவரே பாத்திரத்திலிருந்து எடுத்து வந்தது. பக்கத்தில் அவிக்காத முட்டைப் பாத்திரமும் இருந்தது என்பது இந்தக் கதைக்கு ரொம்ப முக்கியம்.

"ரெண்டே நிமிஷம். ஒரு முட்டை வருது, பைப்பையே பார்த்துட்டு நில்லு" என்று போனை வைத்தார். முட்டையைப் பஞ்சில் சுற்றினார். சிறுநீர் பிடிக்கிற குப்பி ஒன்றில் வைத்தார். (புதுக் குப்பி, உறை பிரிக்காதது. இதை அவர் எல்லோரிடமும் தனியாக அழுத்திச் சொன்னார்.) மேலே லேபிள் ஒட்டி, 'முட்டை, 1, அவசரம்' என்று எழுதினார். டப்பாவுக்குள் தள்ளினார், மூடினார். மூடி 'கிளிக்' என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கருணை பொங்கும் நேரத்தில் யார் கிளிக்கைக் கவனிப்பார்கள்?

ஐந்தை அழுத்தினார். 'ஸ்ஸ்ஸ்' என்று ஏறியது. எங்கோ நடுவில் ஒரு 'பொதக்'. பிறகு நிசப்தம். பிறகு சுவரில் இருந்த பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பாயின. ஏழும்.

மெக்கானிக் வந்து, மூன்றாம் மாடிச் சுவரில் ஒரு பலகையைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, வெளியே எடுத்தார். மூக்கு நுனியில் மஞ்சள் கரு.

"சார், எல்லா மாடி வழியும் பிரியற இடம் இது. இங்க வந்து டப்பா வாயைப் பொளந்திருக்கு. பஞ்சும் வெள்ளைக்கருவும் சேர்ந்து கெட்டியாப் பிடிச்சிருச்சு. இதை வச்சுக் கப்பலையே ஒட்டலாம்."

"எப்ப சரியாகும்?"

"பாகம் வரணும். வியாழக்கிழமை சாயந்தரம்."

டாக்டரம்மா லேப்புக்குத் தலைவி. நேர்ப்பேச்சு என்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. அவர் கையெழுத்துப் போடும் ரிப்போர்ட் எல்லாம் 'இருக்கலாம்' என்று தொடங்கி, 'மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கவும்' என்று முடியும். இப்போது அவர் மேஜையில் 'முட்டை, 1, அவசரம்' லேபிள் ஈரத்தோடு கிடந்தது.

"இது உங்க கையெழுத்து மாதிரி இருக்கே?"

"இருக்கலாம் மேடம்" என்றார் காட்டேரி. "மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்த்தா..."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பைப்பு சரியாகற வரைக்கும், பைப்பு நீங்கதான்."

ஏழு மாடி. லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். காட்டேரிக்கு வயது நாற்பத்தொன்று, தொந்திக்கு வயது தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காட்டேரியின் சட்டைப் பையில் அந்த வாரம் முழுக்க ஒரு தாள் இருந்தது. மாற்றல் தாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஆபீஸிலிருந்து 'ஊழியர் நலன்' என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். தூக்கம் எப்படி, முதுகு வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், 'வேலை இடத்தில் நீங்கள் மனம்விட்டுப் பேசக்கூடிய மூன்று பேர்' என்று மூன்று கோடு போட்டிருந்தது. காட்டேரி யோசிக்கவே இல்லை. ஃப்ரிட்ஜ், மைக்ராஸ்கோப், பைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஆபீஸ் பெண் போன் பண்ணி, "சார், மைக்ராஸ்கோப்புன்னு ஒருத்தரு எந்த டிபார்ட்மென்ட்டு?" என்று கேட்டது. அன்று பூராவும் காட்டேரி தனியாகச் சிரித்தார். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் நடித்தே காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை.

"சரிங்க, நிஜமா எழுதணும்னா யாரை எழுதியிருப்பீங்க?"

"ஏன், எத்தனை பேரு. அஞ்சாம் மாடி, ரெண்டாம் மாடி..."

"அதெல்லாம் மாடிங்க. ஆளு யாரு? பார்க்க எப்படி இருப்பாங்க?"

காட்டேரி மனசுக்குள் ஏழு மாடியும் ஏறிப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவருக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. தொண்டைக்குள் மாத்திரை நின்ற மாதிரி அந்தக் கேள்வி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மாற்றலுக்கு எழுதிப் போட்டார். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஆஸ்பத்திரியின் கிளை லேப் ஒன்று இருந்தது. ஒரே அறை, ஒரே இயந்திரம், ஜன்னலுக்கு வெளியே மரம். எப்படியும் தனி ஆள்தான் என்றால், மரத்தையாவது பார்த்துக்கொண்டு தனி ஆளாக இருக்கலாமே? மேலே இருந்து சம்மதமும் வந்துவிட்டது. இவர் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுத்தால் முடிந்தது. கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

போட்டிருக்கலாம். ஆனால் காட்டேரிக்கு ஒரு ஆசை. போகாதே என்று ஒரே ஒரு ஆள் சொல்ல மாட்டார்களா? இரண்டு வாரமாகப் போன் பண்ணுகிறவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். கேட்கிற விதம்தான் அவருடையது. "நான் போயிட்டா ஏழு நாள் துக்கம் அனுசரிப்பீங்களா, இல்ல பாதி நாள் லீவு விடுவீங்களா?" என்று கேட்டால் யார்தான் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள்? "முழு நாளே விடுவோம்" என்றார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டார். "போறதும் நல்லதா இருக்கலாம். இருக்கறதும் நல்லதா இருக்கலாம்" என்றார். 'மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்கவும்' என்ற மீதியைக் காட்டேரியே சொல்லிக்கொண்டார்.

அந்தத் தாளோடுதான் திங்கட்கிழமை மாடி ஏறினார்.

இரண்டாம் மாடி ஆபரேஷன் தியேட்டர். அங்கிருந்து வரும் குரலுக்கு அவர் 'சிங்கம்' என்று பெயர் வைத்திருந்தார். "லேப்பா!" என்று அது உறுமினாலே போனை ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார். கதவைத் தட்டினார். திறந்தது யாரென்று பார்க்கக் குனிய வேண்டியிருந்தது. தோள் உயரம்கூட இல்லாத ஒரு ஆண் நர்ஸ். தொப்பி புருவம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"யாரு?" என்றது உறுமல்.

காட்டேரி சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"நீங்களா சிங்கம்?"

"நீங்களா காட்டேரி? நான் பல்லு ரெண்டும் வெளிய இருக்கும்னு நெனச்சேன். தொப்பைதான் வெளிய இருக்கு."

"நான் சிங்கத்தைப் பார்க்க வந்தேன். குட்டிதான் இருக்கு. அம்மா வெளிய போயிருக்கா?"

இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு எதற்கென்று தெரியாமல் கை குலுக்கினார்கள், ஏதோ இப்போதுதான் ரயிலை விட்டு இறங்கின மாதிரி.

நான்காம் மாடி பிரசவ வார்டு. அங்கே 'அப்புறம்'. எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்கிற நர்ஸம்மா. காட்டேரி படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு முட்டைக் கதையைச் சொன்னார். "அப்புறம்?" என்றாள். பொதக் என்று சத்தம் வந்ததைச் சொன்னார். "அப்புறம்?" மெக்கானிக் மூக்கைச் சொன்னார். "அப்புறம்?" "அப்புறம்தான் இங்க நிக்கிறேன், சாம்பிளைக் குடும்மா" என்றார்.

ஐந்தாம் மாடிக்குப் போகும்போது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. வார்டு வாசலில் உயரமாக, அகலமாக, தலை பாதிக்கு மேல் நரைத்த ஒரு அம்மாள் கட்டிலோரம் நின்று ஒரு குழந்தைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடி சங்கிலியில் தொங்கியது.

"அம்மா, பாப்பா இருக்காங்களா?"

"எந்தப் பாப்பா? இங்க முப்பது பாப்பா இருக்கு."

மணி அடித்த அதே குரல். அந்தச் சின்னக் குரல் இவ்வளவு பெரிய அம்மாளுக்குள்ளிருந்தா வருகிறது? ஒன்பது வருஷமாக, "ஒழுங்கா சாப்பிடும்மா, வளர்ற பொண்ணு" என்று புத்தி சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து நின்றது.

"லேப்லேர்ந்து வரேன்" என்றார், நாக்கு தடுமாற.

"அப்படியா? பெரியவர் வரலையா? பாவம், அவருக்கு மாடி ஏற முடியாது."

"நாந்தாங்க பெரியவர்."

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டி இவரை நன்றாகப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அழுதுகொண்டிருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இது என்ன புது வித்தை என்று பார்த்தது.

"ஐயோ, நீ சின்னப் பையனப்பா! முட்டி வலிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கோங்க பெரியவரேன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"தேய்ச்சேன் அக்கா. நல்லாத்தான் இருந்துச்சு."

"முட்டைன்னு சொன்னியே, வரவே இல்லையே தம்பி?"

"நாலு நாள் ஆகும் அக்கா" என்றார் காட்டேரி.

இறங்கும்போதுதான் வேலையின் கஷ்டம் புரிந்தது. ஏறும்போது ஓடலாம், ரத்தத்தோடு இறங்கும்போது ஓடக் கூடாது. குலுங்கின ரத்தம் பொய் சொல்லும். நல்ல மனிதனுக்கு இல்லாத வியாதியை இருக்கிறது என்று காட்டும். அதனால் பெட்டியை நெஞ்சோடு அணைத்து, புதுப்பெண் மாதிரி ஒவ்வொரு படியாக வைத்து இறங்கினார். வழியில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெட்டியில் என்னவோ மகா உயர்ந்த பொருள் இருக்கிறது என்று நினைத்தார்கள். அதுவும் உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில், ஒரு சக்கரம் போன சக்கர நாற்காலி ஒன்று ஓரமாகக் கிடந்தது. காட்டேரி அதில் உட்கார்ந்து நாய்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது 'அப்புறம்' மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், நோயாளியாவே சேர்ந்துட்டீங்களா?"

"சேர்த்துக்கம்மா. பிரசவ வார்டுல இடம் இருக்குமா?"

"வயித்தைப் பார்த்தா சேர்த்துக்குவாங்க" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணலாம். அவசரம்னா நீங்க ஏறி வாங்க. மத்ததெல்லாம் பதினொண்ணுக்கும் நாலுக்கும் நாங்களே எடுத்துட்டு இந்தத் திருப்பத்துக்கு வந்துடறோம். மேல உள்ளவங்க இறங்கட்டும், கீழ உள்ளவங்க ஏறட்டும். எல்லாருக்கும் பாதிப் பாதி."

அன்று நாலு மணிக்கு வந்தார்கள். மாடிக்கு ஒருவராக ஏழு பேர், கையில் ஆளுக்கொரு பெட்டி. முதலில் லிஃப்டுக்குள் நிற்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்து நின்றார்கள். எல்லோரும் ஒரே கட்டடத்தில் வருஷக்கணக்கில் வேலை செய்கிறவர்கள். ஒருவருக்கொருவர் குரல் தெரியும், கையெழுத்துத் தெரியும், கோபம் தெரியும், முகம்தான் தெரியாது.

"போன வாரம் மேலேர்ந்து போன்ல என்கிட்ட கத்தினது யாரு?" என்று உறுமினார் சிங்கம்.

"நான்தான்" என்றார் ஐந்தாம் மாடி அக்கா, தன் மணிக் குரலில்.

சிங்கம் நிமிர்ந்து, இன்னும் நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லக்கா. நல்லாத்தான் கத்தினீங்க."

அங்கே தயக்கம் உடைந்தது. அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் என்று வைத்த கூட்டம் ஒவ்வொரு தடவையும் ஏழு நிமிஷமாயிற்று. சிங்கமும் 'அப்புறமும்' ஆறு வருஷமாக ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவர்கள் என்று தெரிய வந்தது. அவர் முன் வாசல், அவள் பின் வாசல். "நீங்கதானா அந்தத் தூங்கி விழற ஆளு?" என்றாள். உடைந்த நாற்காலிக்கு முறை வைத்தார்கள். அன்றைக்கு யாருக்குக் கால் அதிகம் வலிக்கிறதோ அவருக்கு. தினமும் ஐந்தாம் மாடி அக்காவைத்தான் உட்காரச் சொன்னார்கள். தினமும் அவர் வேறு யாரையாவது பிடித்து உட்கார வைத்தார். பிஸ்கட் வந்தது. யாருக்கு எங்கே வீடு, யார் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்பதெல்லாம் பெட்டியோடு கைமாறியது.

டாக்டரம்மா புதன்கிழமை சோதனை போட வந்தார். "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டார். "சாம்பிள் பரிமாற்றமா இருக்கலாம் மேடம்" என்றார் காட்டேரி. டாக்டரம்மா பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே இறங்கிப் போனார். இருந்தும் அது சம்மதமா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

அதே புதன்கிழமை மத்தியானம்தான் அது நடந்தது. ஐந்தாம் மாடியில் ஒன்பதாம் பெட்டுக் குழந்தைக்கு ரத்த அணு எண்ணிக்கை இரண்டு வாரமாகத் தரையோடு தரையாகக் கிடந்தது. காட்டேரிக்கு அந்தக் குழந்தை ஒரு லேபிள், ஒரு எண். தினமும் அந்த எண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்; அடுத்த டப்பா 'தொப்' என்று விழுந்ததும் மறந்துவிடுவார். அன்று உள்ளறையிலிருந்து தாள் வந்தது. இரண்டாம் தடவை பார்த்தார். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, நன்றாக.

போனில் சொல்லலாம். கை போனுக்குப் போகத்தான் செய்தது. ஆனால் கால் அதற்குள் படியில் இருந்தது. ஐந்து மாடியும் எப்படி ஏறினார் என்று கேட்டால் இன்றும் தெரியாது. வார்டுக்குள் நுழைந்து, பேச மூச்சில்லாமல், தாளைத் தூக்கிக் காட்டி, இன்னொரு கையை மேலே, மேலே என்று ஆட்டினார். அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். திரும்பி, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாயிடம் குனிந்து ஏதோ சொன்னார். அந்தப் பெண் எழுந்து, யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல், பக்கத்தில் வியர்வை வழிய நின்ற காட்டேரியையே கட்டிக்கொண்டு அழுதாள். ஒன்பதாம் பெட்டு, மூன்று வயசு, மொட்டைத் தலை, இவர் தொந்தியை விரலால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தது.

நாலு மணிக்குத் திருப்பத்தில் அக்கா இதைச் சொன்னபோது ஏழு பேரும் கை தட்டினார்கள். மூன்றாம் மாடி நோயாளி ஒருவர் எட்டிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

அன்றைக்கு வீட்டில் காட்டேரி முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார். சிங்கம் மாதிரி உறுமினார், அக்கா மாதிரி மெல்லிசாகப் பேசினார், ஒன்பதாம் பெட்டு குத்தின இடத்தைக் காட்டினார். பெண்டாட்டி முகவாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, அப்போ தாள்ல கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா?"

"பேனா உங்க கையிலதானே இருக்கு?" என்றாள். அவளும் ஒரு டாக்டரம்மாதான்.

வியாழக்கிழமை நாலு மணிக் கூட்டத்தின் நடுவில் மெக்கானிக் துணியில் கை துடைத்துக்கொண்டு வந்தார். "ரெடி சார். இனிமே யாரும் நடக்க வேண்டாம்" என்றார், முகம் கொள்ளாத சிரிப்போடு. கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. ஒருவரும் தட்டவில்லை. கையிலிருந்த பெட்டிகளைப் பார்த்தபடி நின்றார்கள்.

"ரொம்ப சீக்கிரம் முடிச்சிட்டீங்க" என்று சிங்கம் குறைபட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே 'தொப்', 'தொப்' என்று டப்பாக்கள் வந்து விழுந்தன. ஜுரக்காரர்கள் கூட்டம், ஏழு மாடியிலும் கை ஓயவில்லை. பதினோரு மணிக்குக் காட்டேரி பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். எழுந்த பிறகு எதற்கு எழுந்தோம் என்று நினைத்து உட்கார்ந்தார். போன் அடித்தது, ஐந்தாம் மாடி.

"பெரி... தம்பி, ஆறாம் பெட்டு ரிசல்ட்டு?"

"வந்துட்டே இருக்கு பாப்... அக்கா." விடாமல் சொன்னார், "இன்னைக்குத்தான் கடைசி நாள். நான் போகட்டுமா, வேண்டாமா? போறதுன்னா ஒரு மாலையோட வாங்க."

"எங்க இருந்தாலும் நல்லா இரு தம்பி" என்றார் அக்கா. பின்னால் ஏதோ குழந்தை வீறிட்டது. போன் கட்.

நாலு மணிக்குத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு படியேறினார். ஆபீஸ் முதல் மாடியில். அங்கே நிற்காமல் கால் மேலே போயிற்று. திருப்பத்தில் சிங்கம் நின்றுகொண்டிருந்தார். 'அப்புறம்' நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். யார் கையிலும் பெட்டி இல்லை.

"சாம்பிள் எங்க?" என்றார் காட்டேரி.

"பைப்புல போட்டாச்சு" என்றார் சிங்கம். "நான் மட்டும் வந்தேன். என்னை பைப்புல போட முடியாதுல்ல?"

"உங்க உயரத்துக்குப் போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். காட்டேரி பொட்டலத்திலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். "அப்போ நான் போகட்டுமா, இருக்கட்டுமா? கையைத் தூக்குங்க பார்க்கலாம்" என்றார். 'அப்புறம்' இரண்டு கையையும் தூக்கினாள். சிங்கம் தூக்கினாலும் யாருக்கும் தெரியாது என்று தூக்கவில்லை. மறுபடி சிரிப்பு.

ஐந்தாம் மாடி ஆள் மட்டும் வரவில்லை.

காட்டேரி மேலே ஏறினார். அக்கா மருந்து மேஜைப் பக்கம் நின்று, சின்னச் சின்னக் கோப்பைகளில் மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"அக்கா."

"இரு தம்பி, அளவு தப்பிடும்."

இருந்தார். எட்டுக் கோப்பை முடிகிற வரைக்கும் இருந்தார். வாயில் இரண்டு மூன்று ஜோக் வந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினார். பிறகு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அக்கா, விளையாட்டுக்குக் கேட்கல. நான் போகட்டுமா, வேண்டாமா?"

அக்கா தாளைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு இவரைப் பார்த்தார்.

"என்கிட்ட ஏம்ப்பா கேட்கற? வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம்னு சொல்ற. மத்தியானம் வீட்டுலயே சாப்பிடலாம், பொண்டாட்டி பிள்ளையோட இருக்கலாம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மென்ட்டு. அப்படியிருக்க, இருன்னு நான் எப்படிச் சொல்றது? சொன்னா அது என் சுயநலம்."

"நல்லதைக் கேட்டுக் கேட்டுக் களைச்சுட்டேன் அக்கா. சுயநலமாவே சொல்லுங்க."

அக்கா கையிலிருந்த மருந்துக் குப்பியை மூடினார். இறுக மூடி, மேஜையில் வைத்தார்.

"சுயநலமா சொல்லணுமா? போகாதே. தினம் காலைல உன் குரலைக் கேட்டாத்தான் எனக்கு வேலையே ஓடுது. நீ போனா நான் அழுவேன். போதுமா?"